அணைக்கு வெளியே நிற்கிறவள்

"ஒரு தடவை திறந்தா அப்புறம் இது கதவே இல்லை. எல்லாரும் திரும்பிப் போங்க" என்று ஹெட்போனுக்குள் ஹெலனுடைய குரல் ஹெலனிடமே சொன்னது. போன வாரம் இதே டப்பிங் அறையில், இதே மைக் முன்னால் நின்று அவள் பேசிய வரிதான். பேசி முடித்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த யாழினி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். ஹெலனும் திருப்தியாக ஃபிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் குடித்தாள். அன்றைக்கு அவள் மாரா, அணையைக் காவல் காக்கிறவர்களின் தலைவி. இன்றைக்கு அதே காட்சியில் அணைக்கு வெளியே நிற்கிற ஐரிஸுக்குப் பேச வேண்டும். வளையல்களைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டாயிற்று, சத்தம் போடாத பழைய நூல் புடவை கட்டியாயிற்று, மைக்குக்கு வயிற்றின் முனகல் கேட்கக் கூடாதென்று இரண்டு பிஸ்கட்டும் தின்றாயிற்று. முப்பது வருஷத்துக்கு மேலாகச் செய்கிற காரியங்கள், கை தானாகச் செய்தது. எதிரே திரையில் ஐரிஸின் முகம் உறைந்து நின்றது. எந்த ஊர்க்காரியோ, உதடு வெடித்து, புருவமெல்லாம் புழுதியாக, வாயை லேசாகத் திறந்தபடி காத்துக்கொண்டிருந்தாள். இந்தத் திறந்த வாய்களைப் பார்த்தே பாதி ஆயுள் போயிற்று என்று ஹெலன் நினைத்தாள். யார் யாரோ வாயைத் திறப்பார்கள், சத்தம் இவளிடமிருந்து வரும், கடைவீதியில் இவளை ஒருத்தருக்கும் தெரியாது. கத்தரிக்காய் என்ன விலை என்று கேட்டால் மட்டும் கடைக்காரர் நிமிர்ந்து பார்ப்பார், எங்கேயோ கேட்ட குரலாயிருக்கிறதே என்று. அது பழகிவிட்டது. பழகாதது இதுதான், தன் குரலையே காதில் வாங்கிக்கொண்டு அதற்கு எதிரே நிற்பது. திரும்பிப் போங்க. இவ்வளவு கனமாகவா சொன்னேன். சொல்லும்போது கனம் தெரியவில்லையே. "மேடம், ரெடியா?" என்று யாழினியின் குரல் காதுக்குள் கேட்டது. "இன்னொரு தடவை ஓட்டும்மா. லிப் பாத்துக்கறேன்" என்றாள் ஹெலன். லிப், அதாவது உதடு எங்கே திறந்து எங்கே மூடுகிறது என்பதெல்லாம் முதல் தடவையிலேயே பார்த்தாயிற்று.

அது ஒரு வெளிநாட்டுத் தொடர். முதலில் வீடியோ கேமாக இருந்து, நன்றாக ஓடியதால் தொடராக எடுக்கப்பட்டது. உலகத்தில் பெரிய காய்ச்சல் ஒன்று வந்து போன பிறகு மழையும் நின்றுபோகிறது. மிஞ்சியவர்கள் இரண்டு கூட்டமாகப் பிரிகிறார்கள். ஒரு கூட்டம் அணையைப் பிடித்துக்கொண்டு உள்ளே இருக்கிறது, இன்னொன்று நடந்துகொண்டே இருக்கிறது. தமிழில் வசனம் எழுதியவர் அவர்களுக்கு அணைக்காரர்கள், நடையர்கள் என்று பேர் வைத்திருந்தார். அணைக்காரர்கள் பயிர் செய்கிறார்கள், பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார்கள், தண்ணீர் திருடியவனைத் தூக்கில் போடுகிறார்கள். நடையர்கள் வழியில் கிடக்கிற நோயாளி ஒருவனைக்கூட விட்டுவிட்டு வருவதில்லை, ஆனால் பசி முற்றினால் ஒரு ஊரின் தானியக் கிடங்கையே கொளுத்திவிட்டுப் போகிறார்கள். முதல் சீசன் பேசிக்கொண்டிருந்தபோது ஹெலனுக்கு எரிச்சலாக வந்தது. யார் நல்லவர் என்று தெரியாமல் எந்தத் தொனியில் பேசுவது? மாராவை நல்லவளாக வைத்துக்கொண்டு பேசு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அப்போது ஐரிஸுக்குப் பேசியது கோமளா. அவள் ஐரிஸை நல்லவளாக வைத்துக்கொண்டு பேசியிருப்பாள். கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. டப்பிங் கலைஞர்களில் இரண்டு பேரும் இரண்டு சங்கம். ஒருத்தர் வரும் நாளில் மற்றவர் வராதபடி யாழினி நேரம் ஒதுக்கியிருந்தாள், வராந்தாவில்கூட எதிர்ப்படாதபடி. அந்தச் சீசன் முழுக்க அவர்கள் பேசிக்கொண்டது ஹெட்போன் வழியாக மட்டும்தான். கோமளா முந்தின நாள் பேசிவைத்துவிட்டுப் போன குரல் ஹெலன் காதில் வந்து விழும், அரிசி களையும்போது அடியில் கேட்குமே, அந்தச் சொரசொரப்போடு. மாராவே, உனக்கு வெட்கமாக இல்லையா என்று கேட்கும். வெட்கப்பட என்ன இருக்கிறது என்று இவள் பதில் சொல்வாள். ஓகே மேடம், அடுத்தது என்பாள் யாழினி. சில நாள் வேலை முடிந்த பிறகும் கோமளாவின் வரியை மட்டும் இன்னொரு தடவை போடச் சொல்லி ஹெலன் கேட்டதுண்டு. லிப்புக்காக என்று சொல்லிக்கொண்டாள். அப்போதும் அதே பொய்தான்.

இனி அந்தக் குரல் இல்லை. தொண்டையில் கட்டி, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள் என்று ஒரு கல்யாண வரவேற்பில் யாரோ சொன்னார்கள். ஐஸ்கிரீம் கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, ரொம்பச் சாதாரணமாக. ஹெலன் கையிலும் ஒரு கிண்ணம் இருந்தது. அதைக் கீழே வைக்க இடம் தேடினாள், அது மட்டும்தான் அப்போது ஞாபகம், கிண்ணத்தை எங்கே வைப்பது என்பது மட்டும். அப்புறம் யாழினி போன் செய்தாள். "மேடம், கம்பெனிக்காரங்க கோமளா மேடம் பழைய ரெக்கார்டிங்கை வச்சு மெஷின்லயே அவங்க குரலைச் செஞ்சுக்கலாம்னு சொன்னாங்க. ஆனா அவங்க சம்மதம் இல்லாம பண்ண முடியாது, ஒப்பந்தத்துல அப்படி இருக்கு. கேட்டோம். மெஷின் வேண்டாம், ஆளை வச்சுப் பேசுங்க, யாரை வேணாலும் வச்சுக்கோங்கன்னு எழுதிக் காட்டினாங்க. அவங்க குரல் மாதிரி பேச உங்களை விட்டா யாரு மேடம்?" ஒப்பந்தத்தில் அப்படி இருக்கிறதல்லவா, அதற்காகத்தான் ஆறு வருஷத்துக்கு முன்னால் ஸ்ட்ரைக் என்று வெயிலில் உட்கார்ந்தோம். இதைத்தான் ஹெலன் முதலில் நினைத்தாள், சட்டென்று உள்ளே ஒரு குதூகலம்கூட வந்தது. பார்த்தாயா கோமளா, நாங்கள் உட்கார்ந்ததால்தான் இன்றைக்கு உன் குரலை யாரும் உன்னைக் கேட்காமல் எடுக்க முடியவில்லை. அடுத்த நொடியே அந்தக் குதூகலம் கசந்தது, குரலே போய்விட்ட ஒருத்தியிடம் போய் ஜெயித்துக் காட்டுகிறாயா என்று. அதற்குப் பிறகு மிஞ்சியது அந்த ஒரு சொல்தான். யாரை வேணாலும். அந்த யாரை வேணாலும் என்பதில் தானும் உண்டா, இல்லை தன்னைத் தவிர யாரை வேண்டுமானாலும் என்று அர்த்தமா? எழுதிக் காட்டினாள் என்றால் தொனி தெரியாதே. தொனி தெரியாத சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சமைக்கும்போதும் குளிக்கும்போதும் அதை ஒவ்வொரு தொனியில் சொல்லிப் பார்த்தாள். அலட்சியமாகச் சொன்னால் ஒரு அர்த்தம், அலுத்துச் சொன்னால் வேறு அர்த்தம். சரி என்று யாழினிக்குப் பதில் அனுப்ப ஒரு வாரம் ஆயிற்று.

"மேடம், போலாமா?" போகலாம். ஹெலன் செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினாள். கோமளாவின் குரலை எடுப்பது அவளுக்குப் புதிதில்லை. ஒரு காலத்தில் இரண்டு பேரும் ஒரே ஸ்கூட்டரில் வடபழனியிலிருந்து கோடம்பாக்கம், கோடம்பாக்கத்திலிருந்து சாலிகிராமம் என்று சுற்றியிருக்கிறார்கள். கோமளாவுக்குச் சளி பிடித்த நாளில் ஹெலன் அவளாகப் பேசி ஒரு முழு ரீலை முடித்திருக்கிறாள், டைரக்டருக்கே தெரியாமல். தாடையைக் கொஞ்சம் உள்ளே இழுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் கைவிட்டுவிடுவதுபோல் விட வேண்டும், அவ்வளவுதான் வித்தை. வெளியே வந்து காபி குடிக்கும்போது, என்னை விட நீ நல்லா என் குரல்ல பேசறடி என்று கோமளா சிரித்தாள். ஞாபகம் இப்படித்தான், ஒன்றைத் தொட்டால் அதன் பின்னால் காபியும் ஸ்கூட்டரும் கோமளாவின் வயலட் ரெயின்கோட்டும் வரிசையாக வந்து நின்றுகொள்கின்றன. போதும். திரையில் எண் ஓடியது, மூன்று, இரண்டு, ஒன்று. ஐரிஸ் வாயைத் திறந்தாள். "மாரா, வெளியே வா. உன் முகத்தைப் பாத்துப் பேசணும்." முதல் வரி சரியாக விழுந்தது. "என்கூட வந்தவங்கள்ல பாதிப் பேருக்கு இனிமே நடக்க முடியாது." அதுவும் விழுந்தது. மூன்றாவது வரி, "தண்ணி மட்டும் எடுத்துக்கறோம். பிள்ளைங்க குடிச்சதும் கிளம்பிடுவோம்." இங்கே ஹெலன் குரலைக் கொஞ்சம் உடைத்தாள். தொண்டைக்குள் அழுகையைக் கொண்டுவந்து, அதை வெளியே விடாமல் நிறுத்தி, தண்ணி என்கிற சொல்லில் லேசாக நடுங்கவிட்டாள். கதாநாயகிகளுக்கு விருதே வாங்கிக் கொடுத்த நடுக்கம் அது. அதற்குப் பதிலாகக் காதில் மாரா, அதாவது அவளே, ஒரு தடவை திறந்தா அப்புறம் இது கதவே இல்லை என்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாழினி கையைத் தடவிக்கொண்டாள். "புல்லரிச்சிடுச்சு மேடம். அப்படியே அவங்கதான். இதை மட்டும் கோமளா மேடத்துக்கு அனுப்பிடறேன். முதல்ல கொஞ்சம் கேட்டுட்டுச் சரின்னு சொன்னாத்தான் மீதியைப் பேசணும்னு கேட்டிருக்காங்க. யார் பேசறாங்கன்னு நான் சொல்லலை. சொல்லவா?" "வேண்டாம்" என்றாள் ஹெலன், கொஞ்சம் வேகமாகவே.

பதில் வரும் வரை வேலை இல்லை. யாழினி கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து தரையில் கம்பளத்தின்மேல் கால் நீட்டி உட்கார்ந்தாள். முப்பது வயது இருக்கும், ஆங்கிலம், கொரியன் என்று எது வந்தாலும் தமிழ் பேச வைக்கிற டைரக்டர். ஆனால் இந்தத் தொடர் என்றால் மட்டும் அவளுக்குத் தனிப் பிரியம், கல்லூரி நாளில் அந்த கேமை விளையாடியவள். "கேம்ல நீங்க எந்தப் பக்கம் வேணா சேந்துக்கலாம் மேடம். நான் முதல்ல மாரா பக்கம் சேந்தேன். அணையைக் காப்பாத்திட்டேன், ஆனா கடைசியில வெளியே பாத்தா எல்லாரும் கிடக்கறாங்க. சரின்னு ரெண்டாவது தடவை ஐரிஸ் பக்கம் சேந்தேன். கதவை உடைச்சு உள்ளே போனோம். ஒரே மாசத்துல தண்ணி தீந்துடுச்சு. ரெண்டு தடவையும் அழுதேன்." "ஜெயிக்கிற பக்கம்னு ஒண்ணு இல்லவே இல்லையா?" "இல்ல மேடம். அப்படித்தான் செஞ்சு வச்சிருக்கான். ஆனா ஒரு நல்லது, கதவுகிட்ட வர்றதுக்கு முன்னாடி ஒரு இடத்துல சேவ் பண்ணி வச்சுக்கலாம். எப்ப வேணா அங்கேருந்து திருப்பி ஆரம்பிக்கலாம்." யாழினியின் போன் அடித்தது, பேசிக்கொண்டே வெளியே போய்விட்டாள். கனமான கதவு மூடியதும் அறைக்குள் சத்தமே இல்லை, தன் காதுக்குள் ரத்தம் ஓடுவது தனக்கே கேட்கிற அமைதி. எங்கே சேவ் பண்ணுவது? ஸ்ட்ரைக் அன்றைக்குக் கோமளாவின் ஆட்டோ வந்து நின்ற பிறகா, அதற்கு முன்னாலா? அது தெருமுனையில் திரும்புவதற்கு முன்னால் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கும் முன்னால் என்றால் காலையில் வீட்டிலிருந்து கிளம்பியபோதே. கிளம்பாமல் இருந்திருந்தால்? இல்லை, கிளம்பியது தப்பில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அவள் போய் உட்காருவாள். நம் குரலை எந்தக் கருவியிலும் என்றென்றைக்கும் பயன்படுத்திக்கொள்வோம் என்று கம்பெனிக்காரர்கள் ஒப்பந்தத்தில் எழுதி நீட்டினால் உட்காராமல் வேறென்ன செய்வது? ஸ்டுடியோ வாசலில் ஷாமியானா போட்டு, உள்ளே யாரும் போகவும் கூடாது வரவும் கூடாது என்று உட்கார்ந்தார்கள். ஒருத்தரை விட்டால் எல்லாம் போயிற்று என்று கூட்டத்தில் எழுந்து சொன்னவளே ஹெலன்தான், சொன்னது சரியும்கூட. ஆனால் கோமளா கேட்டதும் சரிதானே. நாம இங்க உக்காந்தா பெரிய கம்பெனி ஹைதராபாத்துல போய்ப் பேசிக்கும், சின்னப் படக்காரன்தான் சாவான் என்று அவள் முதல் நாளே கேட்டாள். அப்படித்தான் நடந்தது. பாதி வேலை ஹைதராபாத்துக்குப் போனது இன்னும் திரும்பி வரவில்லை. ஒப்பந்தத்தில் அந்த வரியை எடுத்துவிட்டு, சம்மதம் இல்லாமல் முடியாது என்று போட்டார்கள், அதுவும் நடந்தது. இரண்டும் நடந்தது. அதை வைத்துக்கொண்டு யார் சரி என்று சொல்வது?

அந்த ஆட்டோவில் கோமளா தனியாகத்தான் வந்தாள். முதல் படம் எடுக்கிற ஒருத்தனுடைய படத்தில் கடைசிக் காட்சி மட்டும் பாக்கி, கதாநாயகி சாகிற காட்சி. அந்த வெள்ளிக்கிழமை ரிலீஸ், தள்ளிப்போனால் அப்புறம் தியேட்டர் கிடைக்காது. ஆட்டோவை விட்டு இறங்கி நேரே ஹெலனிடம்தான் வந்தாள், அத்தனை பேர் உட்கார்ந்திருக்க வேறு யாரிடமும் போகவில்லை. "ஒரு சீன்தான்டி. முடிச்சிட்டு வந்து உன் பக்கத்துல உக்காந்துக்கறேன்" என்றாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஷாமியானாவுக்குள் விசிறிக்கொண்டிருந்த காகிதங்கள்கூட நின்றுபோயின. அப்போது ஹெலன் எழுந்து நின்றாள். நின்ற மாத்திரத்தில் குரல் வந்துவிட்டது, அவளுடைய குரல் இல்லை, எத்தனையோ படங்களில் மகாராணிகளுக்கும் கலெக்டர்களுக்கும் பேசிய குரல். "நீங்க திரும்பிப் போங்கம்மா. இங்க யாருக்கும் தனி நியாயம் கிடையாது." நீங்க. ஒரே தட்டில் சாப்பிட்டவளை, வாடி போடி என்று தவிர வேறெப்படியும் கூப்பிட்டிராதவளை, நீங்க என்றாள். கூட்டம் கைதட்டியது. அந்தக் கைதட்டல் உடம்புக்குள் போனது அவளுக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது, முதுகுத்தண்டில் வெதுவெதுப்பாக இறங்கியது. முப்பது வருஷமாக இருட்டு அறையில் பேசியவளுக்கு முகத்துக்கு நேரே கிடைத்த முதல் கைதட்டல். அதைத்தான் நினைக்கக் கூடாது என்று வைத்திருந்தாள். மறித்தது தப்பில்லை, நீங்க என்றதும்கூடப் பழகின வாய் செய்த வேலை என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அது பிடித்திருந்ததே. கோமளா ஒரு நிமிஷம் ஹெலன் முகத்தையே பார்த்துவிட்டு, அதே ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள். அவள் பேரை நீக்குவதற்குச் சங்கத்தில் கை தூக்கச் சொன்னபோது ஹெலன் தூக்கினாள், முழுசாகத் தூக்கவில்லை, தோள் உயரத்துக்கு. தோள் உயரம் என்று யாரும் தனியாக எண்ணவில்லை. நீக்கப்பட்டவர்கள் சேர்ந்து வேறு சங்கம் வைத்தார்கள். துரோகிகள் என்று இவர்களும், ரவுடிகள் என்று அவர்களும் பேசிக்கொண்டார்கள். கோமளா வாசலில் கெஞ்சினாள், ஹெலன் அக்கா அசையவில்லை என்று இங்கே ஒரு கதை உருவாகிவிட்டது. புதிதாகச் சேர்கிறவர்களுக்கெல்லாம் அதைச் சொன்னார்கள். கேட்டுக் கேட்டு ஹெலனுக்கும் அப்படித்தான் தெரிந்தது. ராத்திரி படுத்தால் கோமளா கெஞ்சுவாள், ஒரு சீன்தான்டி, ஒரே ஒரு சீன்தான்டி என்று, குரல் உடைந்து, கண்ணெல்லாம் கலங்கி. அந்தப் படத்தின் கடைசிக் காட்சியை ஹைதராபாத்தில் யாரையோ வைத்துப் பேசி முடித்தார்கள். படம் முழுக்க ஒரு குரலில் பேசிய பெண் சாகும்போது மட்டும் வேறு குரலில் சாக, தியேட்டரில் சிரித்தார்களாம். அந்த டைரக்டர் இப்போது எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது.

போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை என்றும் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரி வரைக்கும் போனாள், சாத்துக்குடி வாங்கிக்கொண்டு. குரல்வளை எடுத்தவளுக்கு யாராவது சாத்துக்குடி வாங்குவார்களா என்று லிஃப்டில் ஏறிய பிறகுதான் தோன்றியது. மாடியில் கதவு திறந்ததும் வராந்தாவில் அந்தச் சங்கத்து ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லாம் தெரிந்த முகங்கள், ஒரு காலத்தில் இவளுடைய தீபாவளிப் பலகாரம் தின்றவர்கள். ஒருவர்கூட ஒன்றும் சொல்லவில்லை, வழி மறிக்கவும் இல்லை. திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். போயிருந்தால் விட்டிருப்பார்கள். அதுதான் அவளைக் குடைவது. யாராவது ஒருத்தர், நீங்க திரும்பிப் போங்கம்மா என்று சொல்லியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும், சரிக்குச் சரியாகப் போயிருக்கும். ஒன்றும் சொல்லாதபோது அவளே லிஃப்டின் பொத்தானை அழுத்தினாள். சாத்துக்குடியை வீட்டில் வைத்துத் தினம் ஒன்றாகப் பிழிந்து அவளே குடித்தாள், வீணாக்கக் கூடாதென்று. கடைசிப் பழம் பிழியும்போது கை வலித்தது. அவ்வளவு வருத்தமாயிருந்ததா என்று கேட்டால் இல்லை, பழம் காய்ந்துபோயிருந்தது.

கதவு திறந்தது. யாழினி போனைப் பார்த்துக்கொண்டே வந்தாள், முகத்தில் ஒரு குழப்பம். "பதில் வந்திருச்சு மேடம். நான் உங்க பேரைச் சொல்லவே இல்லை, சத்தியமா." "படி" என்றாள் ஹெலன். யாழினி படித்தாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் படிப்பதுபோல் ஏற்ற இறக்கம் இல்லாமல். "முதல் ரெண்டு வரி சரி. மூணாவது வரி தப்பு. ஐரிஸ் அங்க கெஞ்ச மாட்டா. அவ விவரம் சொல்றா, அவ்வளவுதான். ஹெலனைத் திருப்பிப் பேசச் சொல்லு." ஹெலன் ஃபிளாஸ்கின் மூடியைத் திறந்தாள், மூடினாள். "வேற ஏதாவது?" "இல்ல மேடம். இவ்வளவுதான் போட்டிருக்காங்க." கண்டுபிடித்துவிட்டாள். கண்டுபிடிக்காமல் இருப்பாளா, தன் குரலுக்குள் வேறொருத்தி உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரியாமல் போகுமா? கோபமா? தொனி இல்லாத எழுத்தை மறுபடியும் உருட்டிப் பார்க்க ஹெலனுக்கு இப்போது தெம்பில்லை. தப்பு என்றால் திருத்த வேண்டும், அது தொழில். "ஓட்டும்மா" என்றாள். யாழினி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனாள். எண் ஓடியது. "தண்ணி மட்டும் எடுத்துக்கறோம்" என்று தொடங்கியதுமே தொண்டை பழக்கத்துக்கு நடுங்கப் பார்த்தது. ஹெலன் தானே நிறுத்தினாள். "ஸாரி, இன்னொண்ணு." அடுத்ததிலும் ஓரத்தில் ஒரு ஈரம். அதற்கடுத்ததில் கோபம் வந்துவிட்டது, அதுவும் தப்பு. விவரம் சொல்றா. எப்படிச் சொல்வது விவரத்தை? பால் தீர்ந்துவிட்டது, வரும்போது வாங்கி வா என்பதுபோல. ரெண்டு ஸ்டாப் தள்ளி இறங்கிக்கிறேன், நீ நேரே போ என்பதுபோல. கோமளா ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்துகொண்டு எப்போதும் இப்படித்தான் சொல்வாள், கேட்கவும் மாட்டாள், கெஞ்சவும் மாட்டாள். முடிவு செய்ததைச் சொல்வாள், நீ சரி என்பாய் என்று அவளுக்குத் தெரியும். ஹெலன் தாடையை உள்ளே இழுத்தாள், தொண்டையைத் தளர்த்தினாள். "தண்ணி மட்டும் எடுத்துக்கறோம். பிள்ளைங்க குடிச்சதும் கிளம்பிடுவோம்." சொன்ன அதே நொடியில், சொன்ன வாய்க்கு முன்னாலேயே காதுக்குக் கேட்டுவிட்டது. ஒரு சீன்தான்டி. முடிச்சிட்டு வந்து உன் பக்கத்துல உக்காந்துக்கறேன். குரல் உடையவில்லை, கண் கலங்கவில்லை. வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, ஆட்டோக்காரரிடம் இருங்க என்று சைகை காட்டிவிட்டு, போகிற போக்கில் விவரம் சொல்லிவிட்டுப் போக வந்தவள். இடம் போட்டு வை என்றுதான் வந்தாள். முடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருப்பாள், ஒரு மணி நேரத்தில் வந்திருப்பாள், அவள் பாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கோஷமும் போட்டிருப்பாள், இவர்கள் எல்லாரையும் விடச் சத்தமாக. கெஞ்சுகிறவளை மறித்தேன் என்றுதான் இத்தனை வருஷமாக ஹெலன் அழுதுகொண்டிருந்தாள். கெஞ்சவே இல்லை. தன்னோடு வந்து சேர்வதற்கு இருந்தவளைத்தான் திருப்பி அனுப்பியிருக்கிறாள். காதில் மாரா தன் பதிலைச் சொன்னாள், எல்லாரும் திரும்பிப் போங்க, கனமாக, கம்பீரமாக, கைதட்டலுக்குக் காத்திருக்கிறவளைப்போல.

"பிரமாதம் மேடம். அனுப்பிட்டேன்" என்றாள் யாழினி. இந்தத் தடவை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை, ஹெலன் வெந்நீரை ஊற்றிக் குடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. "ஓகேன்னு போட்டிருக்காங்க." "ஓகே மட்டுமா?" "ஓகே மட்டும்தான் மேடம். போலாமா? இந்த சீன்ல ஒரே ஒரு வரிதான் பாக்கி." ஹெலன் தாளைப் பார்த்தாள். கதவு திறக்கவில்லை என்று தெரிந்ததும் ஐரிஸ் சொல்கிற வரி. நேற்று வீட்டில் படித்துப் பார்த்தபோது இதைச் சாபம்போலப் பேச வேண்டும் என்று ஓரத்தில் குறித்து வைத்திருந்தாள். அந்தக் குறிப்பைப் பார்த்து இப்போது கூச்சமாக இருந்தது. ஆட்டோவில் ஏறுவதற்கு முன்னால் கோமளா பார்த்துக்கொண்டு நின்றாளே, அந்த ஒரு நிமிஷம், அப்போது அவள் முகத்தில் இருந்தது என்ன? கோபம் என்றுதான் இவள் வைத்திருந்தாள். இல்லையென்றால் அவமானம். எழுந்து நின்று யாரோ ஒருத்தியின் குரலில் பேசிவிட்டு, கைதட்டலில் நனைந்துகொண்டு நின்ற சிநேகிதியை அவள் என்னவென்று பார்த்திருப்பாள்? எண் ஓடியது. திரையில் ஐரிஸ் கதவைப் பார்த்தாள், நிமிர்ந்து மேலே மாரா நிற்கிற இடத்தைப் பார்த்தாள், வெடித்த உதடு திறந்தது. "நாங்க போறோம். ராத்திரியில யாராவது கதவைத் தட்டினா, அது நாங்க இல்லை. பயப்படாம தூங்கு."

ஒரே டேக். உதடு மூடுகிற இடத்தில் குரலும் மூடியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரும் கட்டைவிரலைக் காட்டவில்லை. யாழினி தலையைக் குனிந்து எதையோ இரண்டு மூன்று தடவை ஓட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் காதுக்குள் அவள் குரல் வந்தது, கொஞ்சம் தயங்கி. "சூப்பர் மேடம். ஒண்ணே ஒண்ணுதான், இல்லைங்கிறதுக்கும் பயப்படாமங்கிறதுக்கும் நடுவுல ஒரு மூச்சு விழுந்திருக்கு. கேக்க நல்லாத்தான் இருக்கு. வச்சுக்கவா, வெட்டிடவா?" ஹெலன் ஹெட்போனைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வெறும் அறையில் தன் குரல் இவ்வளவு சின்னதா என்று ஆச்சரியமாக இருந்தது.

"வெட்டிடும்மா. அவ அங்க மூச்சு வாங்க மாட்டா. அது என்னோடது."